விரிசல் எங்கே தொடங்கியது?

கடலூரைத் தாண்டிச் சிதம்பரம் போகும் சாலையோரம் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. தகரக் கொட்டகை, வாசலில் ஒரு வேப்பமரம், அதன் அடியில் எப்போதும் சக்கரம் கழற்றப்பட்ட ஒரு டிரெய்லர். பெயர்ப் பலகையில் ஓர் ஆணின் பெயரும், அதையடுத்து ‘அன் சன்ஸ்’ என்றும் எழுதியிருக்கும். அந்த ஆணுக்கு இரண்டு மகள்கள்தான். மகன் இல்லை. பட்டறையில் பற்றவைப்பது அவரும் இல்லை, அவருடைய மனைவி.

நான் அவரை அக்கா என்று அழைப்பேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். என்னை அவர் ‘டீச்சர்’ என்பார். எங்கள் வீட்டு இரும்பு கேட் உடைந்தபோது ஏற்பட்ட பழக்கம் இது. அன்று நானும் எல்லோரையும் போலவே, “வெல்டர் இல்லீங்களா?” என்று கேட்டேன். முகத்தில் இருந்த கறுப்புக் கண்ணாடி மறைப்பைத் தூக்கிவிட்டு, “நான்தாங்க” என்றார். பெண்ணியம் பேசியும் எழுதியும் பழகிய என் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்தது என்பதை இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அக்கா வெல்டிங்கை எந்தப் பயிற்சி நிலையத்திலும் கற்கவில்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. சாய்ந்த மரங்களைத் தோப்பிலிருந்து வெளியே கொண்டுவர டிராக்டரும் ஜீப்பும் பாதையே இல்லாத மணலிலும் பள்ளத்திலும் ஓடின. அளவுக்கு மீறிய பாரம் இழுத்த வண்டிகளின் சேசிஸ் ஒவ்வொன்றாக விரிசல் விட்டது. கணவர் ஒருவரால் சமாளிக்க முடியாத அளவுக்கு வேலை வந்து குவிந்தபோது, அதுவரை கம்பி எடுத்துக் கொடுத்தும் கசடு தட்டியும் உதவிக்கொண்டிருந்த அக்கா, ராடைக் கையில் எடுத்தார். பிறகு கணவருக்குக் கண்பார்வை மங்கியது. பட்டறை அக்காவின் கைக்கு வந்தது. பலகை மட்டும் மாறவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் நான் போயிருந்தபோது பட்டறையில் சத்தமாக இருந்தது. முந்திரித் தோப்புக்காரர் ஒருவர் தன் பழைய ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அதன் சேசிஸை ஓராண்டுக்கு முன் அக்காதான் பட்டை வைத்துப் பலப்படுத்தியிருந்தார். இப்போது மறுபடியும் விரிசல்.

“பொம்பளை கை வச்ச வேலை இப்படித்தான் இருக்கும். நான் அப்பவே அண்ணனைத்தான் செய்யச் சொன்னேன்” என்றார் அவர்.

அக்கா பதில் சொல்லவில்லை. சாக்கை விரித்து, கையில் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அந்தப் பழியை நான் வேறொரு வரலாற்றில் ஏற்கெனவே படித்திருந்தேன். அது எண்பது ஆண்டுகளுக்கு முந்தையது.

*

1943 ஜனவரி 16. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்துக் கப்பல் கட்டும் தளம். ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் வெள்ளோட்டம் முடிந்து துறையில் கட்டிக் கிடந்தது. புயலில்லை, அலையில்லை, குண்டு விழவில்லை. குளிர்ந்த இரவு மட்டும்தான். பெரும் சத்தத்தோடு கப்பல் ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது.

அது போர்க்காலம். ஆண்கள் போர்முனைக்குப் போனதால் கப்பல் தளங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்கு வந்திருந்தார்கள். அவர்களில் பலர் வெல்டர்கள். முன்பெல்லாம் கப்பல் தகடுகளை ஆணி அறைந்து, அதாவது ரிவெட் அடித்து, இணைப்பார்கள். அதற்குக் காலம் பிடிக்கும். பற்றவைத்தால் வேகமாகக் கட்டலாம். அப்படித்தான் 2,700க்கும் மேற்பட்ட ‘லிபர்ட்டி’ சரக்குக் கப்பல்கள் நாலைந்து ஆண்டுகளுக்குள் கட்டி முடிக்கப்பட்டன. அவற்றிலும் பல விரிசல் விட்டன. சில முழுதாக உடைந்தன. முதலில் விரல் நீண்டது பற்றவைப்பின் மீதும், அவசரப் பயிற்சியோடு வந்த புதிய தொழிலாளர்கள் மீதும்தான். அந்தப் புதியவர்களில் கணிசமானவர்கள் பெண்கள்.

இங்கிலாந்தில் இந்தச் சிக்கலை ஆராய்ந்தவர் கான்ஸ்டன்ஸ் டிப்பர். 1894இல் பிறந்த உலோகவியலாளர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உலோகப் படிகங்கள் எப்படி வளைகின்றன, எப்படி உடைகின்றன என்று நெடுங்காலம் ஆய்வு செய்தவர். அவர் கண்டு சொன்னது இதுதான்: குறை முதன்மையாக எஃகில் இருக்கிறது. அந்தக் காலத்துக் கப்பல் எஃகு, சாதாரண வெப்பத்தில் வளைந்து கொடுக்கும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குளிர்ந்தால் கண்ணாடிபோல நொறுங்கும். வட அட்லாண்டிக் கடலின் குளிர் அந்த அளவுக்குக் கீழே இருந்தது.

பற்றவைப்பில் குறையே இல்லை என்பதல்ல. சில இடங்களில் இருந்தது. ஆனால் வேறு இரண்டு காரணங்கள் விரிசலை வளர்த்தன. சரக்கு இறக்கும் திறப்புகளைக் கூர்மையான மூலைகளோடு சதுரமாக வெட்டியிருந்தார்கள். விசை முழுவதும் அந்த மூலைகளில் வந்து குவிந்தது. இன்னொன்று, ரிவெட் அடித்த கப்பலில் ஒரு தகட்டில் தொடங்கும் விரிசல் அந்தத் தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். பற்றவைத்த கப்பலோ முழுவதும் ஒரே தகடு மாதிரி. விரிசல் தடையின்றி ஓடும். மூலைகளை வளைவாக மாற்றினார்கள். விரிசல் ஓடாமல் தடுக்க இடையிடையே ரிவெட் பட்டைகள் அடித்தார்கள். உடைவது குறைந்தது.

எஃகைத் தேர்ந்தெடுத்ததும், திறப்பின் மூலையைச் சதுரமாக வரைந்ததும் அந்தப் பெண் வெல்டர்கள் அல்ல. ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது தையல்தான். எனவே பழி தைத்தவர் மேல் விழுந்தது. டிப்பர் 1949இல் கேம்பிரிட்ஜில் ரீடர் பதவி பெற்றார். அப்போது அங்கே பொறியியல் துறையில் முழுநேரப் பதவியில் இருந்த ஒரே பெண் அவர்தான். 1995இல், நூறு வயதைக் கடந்து மறைந்தார்.

*

இனி அக்காவின் வேலைக்கு வருகிறேன். ஜீப்பின் சேசிஸ் என்பது தரையில் கிடத்திய ஏணி. இருபுறமும் இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள். அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். நல்ல சாலையில் ஓடும்போது ஏணிக்குப் பெரிய துன்பமில்லை. ஒரு சக்கரம் பள்ளத்திலும் எதிர்மூலைச் சக்கரம் மேட்டிலும் ஏறும்போது ஏணி முறுக்கப்படுகிறது, ஈரத்துணியைப் பிழிவது போல. வில் பட்டை மாட்டும் இடம், ஸ்டியரிங் பெட்டி உட்காரும் இடம், குறுக்குச் சட்டம் சேரும் முனை: விரிசல் பெரும்பாலும் இந்த இடங்களில் பிறக்கும்.

பலப்படுத்துவது என்றால் இரும்பை அள்ளி அப்புவது என்றுதான் வண்டிக்காரர்கள் நினைக்கிறார்கள். “கெட்டியா வை, காசைப் பத்தி யோசிக்காத” என்பார்கள். அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார். சட்டத்தைவிடத் தடித்த பட்டை வைத்தால், பட்டை வளையாது. பட்டை முடிகிற இடத்தில் சட்டம் மட்டும் வளையும். நாளடைவில் அங்கே முறியும். எனவே சட்டத்தின் கனமோ, அதைவிடச் சற்றுக் குறைந்த கனமோதான் பட்டைக்கு. பட்டையின் முனையைச் செங்குத்தாக வெட்ட மாட்டார். மீன் வால்போலவோ சாய்சதுரமாகவோ கூராக்கிக்கொண்டு போவார். அப்போது விசை ஒரே கோட்டில் வந்து நிற்காமல் மெல்ல மெல்லக் கைமாறும். மூலைகளை உருட்டிவிடுவார். சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் குறுக்காகப் பற்றவைக்கவே மாட்டார். பாரத்தில் இழுபடுவதும் அமுங்குவதும் அந்த விளிம்புகள்தான்.

வேலை தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவார். டீசல் டேங்கையும் குழாய்களையும் விலக்குவார். ஏணி வளையாதபடி நான்கு பக்கமும் மட்டம் பார்த்து முட்டுக் கொடுப்பார். விரிசலின் கடைசி நுனி எதுவென்று சாயம் தடவிக் கண்டுபிடித்து, அங்கே சிறு துளை போடுவார். கூரான நுனி வட்டமானால் விரிசலுக்கு மேற்கொண்டு ஓட வழியில்லை. பிறகு விரிசல் நெடுக கிரைண்டரால் ஆங்கில ‘வி’ வடிவத்தில் தோண்டி, அடியிலிருந்து நிரப்பிக்கொண்டு வருவார். நிரப்பியதைத் தேய்த்து மட்டமாக்கிய பிறகே மேலே பட்டை. அதையும் ஒரே மூச்சில் இழுக்க மாட்டார். இங்கே இரண்டு அங்குலம், எதிர்முனையில் இரண்டு அங்குலம். ஒரே பக்கம் சூடேறினால் சட்டம் கோணிக்கொள்ளும். முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க யாரையும் விடமாட்டார். “தானா ஆறணும் டீச்சர். அவசரப்படுத்தினா வெடுக்குனு ஆயிடும்” என்பார்.

கப்பலின் சதுர மூலையும், பட்டையின் செங்குத்து முனையும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. டிப்பரின் பெயரை அக்கா கேள்விப்பட்டதில்லை. ஆனால் ஜீப்புக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது அவரும் அதே கேள்வியோடுதான் வந்தார்.

“வாங்கண்ணே, வந்து நீங்களே பாருங்க. விரிசல் எங்க ஆரம்பிச்சிருக்குன்னு பாருங்க.”

தோப்புக்காரர் தயங்கிக் குனிந்தார். நானும் குனிந்தேன். அக்காவின் பட்டைக்கு அரை முழம் தள்ளி, சட்டத்தின் கீழ் விளிம்பில், கேஸ் நெருப்பால் வெட்டிய கரடுமுரடான ஓட்டை ஒன்று இருந்தது. இடையில் யாரோ டூல் பாக்ஸ் மாட்டுவதற்காகப் போட்டது. விரிசல் அந்த ஓட்டையிலிருந்து புறப்பட்டிருந்தது. ஓட்டைக்கு அருகே விரிசலின் உட்புறம் செம்பழுப்பாகத் துருவேறியிருந்தது. பட்டையை நெருங்க நெருங்க இரும்பு புதுசாக மின்னியது. துருவேறிய இடம் பழைய உடைவு. மின்னுகிற இடம் நேற்றைய உடைவு. அதாவது விரிசல் ஓட்டையிலிருந்து பட்டையை நோக்கி வந்திருக்கிறது. பட்டையின் ஓரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது.

தோப்புக்காரர் மன்னிப்புக் கேட்கவில்லை. “சரி சரி, பாத்துப் பண்ணும்மா” என்றார். மறுநாள் கூலியைக் குறைக்காமல் கொடுத்தார் என்று அக்கா பிறகு சொன்னார். அதுவே பெரிய விஷயம் என்பதுபோல் சொன்னார்.

*

நான் தமிழ் படித்தவள். எனவே சொற்களிடம் போகாமல் இருக்க முடியவில்லை. ‘பற்றவை’ என்ற சொல்லுக்கு நெருப்பு மூட்டுவது என்றும் பொருள். உலோகத்தை இணைப்பது என்றும் பொருள். பொற்கொல்லர் நகையை ஒட்டப் பயன்படுத்தும் பொடிக்குப் பற்றாசு என்று பெயர். பேச்சு வழக்கில் ‘பத்த வைக்கிறவ’ என்றால் இரண்டு குடும்பத்துக்கு நடுவே சண்டை மூட்டுகிறவள். இணைத்தல் என்ற பொருள் பட்டறைக்குள் ஆணோடு நின்றுவிட்டது. மூட்டுதல் மட்டும் பெண்ணோடு வீதிக்கு வந்தது.

கொல்லன் என்றால் இரும்பு வேலை செய்பவன். கொல்லத்தி என்ற சொல்லும் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருவது இரும்பு வேலை செய்பவள் அல்ல. கொல்லர் குலத்துப் பெண். இலக்கணம் பெண்பால் விகுதியைக் கொடுத்தது. சமூகம் அந்த விகுதிக்குத் தொழிலைக் கொடுக்கவில்லை. புறநானூற்றின் 312ஆம் பாடல் பொன்முடியார் என்ற பெண்புலவருடையது. வீட்டுக்கும் நாட்டுக்கும் உரிய பொறுப்புகளை ஆளாளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பாடல் அது. தாய்க்குப் பிள்ளைப்பேறு, கொல்லனுக்கு ஆயுதம். பாடியவர் பெண்ணாக இருந்தும், பெண்ணின் உழைப்பு கருப்பையோடு முடிகிறது. வகுப்பில் இந்தப் பாடலை ஆண்டுதோறும் நடத்துகிறேன். உலைக்களத்தில் துருத்தி ஊதியவர் யார், கரி சுமந்தவர் யார் என்று மாணவிகளிடம் கேட்கத் தொடங்கியது அக்காவைச் சந்தித்த பிறகுதான்.

சட்டமும் இந்தப் பிரிவினைக்குத் துணை நின்றது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 66ஆம் பிரிவில், காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரைதான் பெண்கள் ஆலையில் வேலை செய்யலாம் என்றது. பாதுகாப்பு என்றுதான் பெயர். மூன்று ஷிஃப்ட் ஓடும் ஆலைக்குப் பெண்ணை வேலைக்கு எடுக்காமல் இருக்க அந்த ஒரு பிரிவு போதும். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வசந்தா என்பவர் தொடுத்த வழக்கில் இந்தத் தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்திலும் 46ஆம் பிரிவில் இதே போன்ற தடை இருந்தது. நம் கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் இருப்பவை திறந்தவெளிச் சுரங்கங்கள். அப்படிப்பட்ட சுரங்கங்களில் பெண்கள் தம் எழுத்துபூர்வமான சம்மதத்தோடு இரவிலும் பணிபுரியலாம் என்ற அனுமதி 2019இல்தான் வந்தது. இரும்பும் இயந்திரமும் சூழ்ந்த ஊர்களில் வளர்ந்த எத்தனை பெண்களுக்கு அது காலம் கடந்த அனுமதி!

அனுமதி கிடைத்து வேலை செய்தாலும் பெயர் நிற்பதில்லை. லண்டனில் தேம்ஸ் நதிமேல் வாட்டர்லூ பாலம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கட்டப்பட்டது. ஏராளமான பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். 1945 டிசம்பரில் முறைப்படி திறந்து வைத்த அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன், பாலத்தைக் கட்டிய ஆண்களைப் புகழ்ந்து பேசிவிட்டு இறங்கினார். ஆற்றில் படகு ஓட்டுகிறவர்கள் மட்டும் பயணிகளிடம் அதைப் பெண்கள் பாலம் என்று சொல்லி வந்தார்கள். வரலாற்றாய்வாளர் கிறிஸ்டின் வால் பழைய புகைப்படங்களைத் தேடி, அந்தப் பாலப் பணியில் பெண் வெல்டர்கள் நிற்கும் படங்களை 2015இல் வெளிக்கொணர்ந்தார். எழுபது ஆண்டுகள் படகோட்டிகளின் வாய்மொழிதான் ஆவணமாக இருந்தது.

*

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நான் தமிழில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த ஆண்டுகளில், அதே வளாகத்தின் உற்பத்திப் பொறியியல் துறையில் வெல்டிங் ஆய்வு தீவிரமாக நடந்துகொண்டிருந்தது. உலோக இணைப்புக்கென்றே அங்கே தனி ஆய்வு மையம் இருக்கிறது. பாதையில்லாத நிலத்தில் ஓடும் போர் வாகனங்களுக்கான கவச எஃகை எப்படிப் பற்றவைப்பது என்பதும் அந்த ஆய்வுகளில் ஒன்று. நான் நூலகத்துக்குப் போகும் வழியில் அந்தக் கட்டடங்களைக் கடந்ததுண்டு. உள்ளே போனதில்லை. எனக்கும் இரும்புக்கும் என்ன, என்று நானே எனக்குத் தடை போட்டுக்கொண்டிருந்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

அங்கே ஆராயப்பட்ட சிக்கல்களில் ஒன்று ஹைட்ரஜன். பற்றவைக்கும் ராடின் மேல்பூச்சில் ஈரம் இருந்தால், வெப்பத்தில் அந்த ஈரம் பிரிந்து ஹைட்ரஜன் எஃகுக்குள் நுழைகிறது. வேலை முடிந்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்த பிறகு, சில மணி நேரமோ சில நாளோ கழித்து உள்ளேயிருந்து விரிசல் விடுகிறது. வலிமை மிகுந்த எஃகில் இந்த ஆபத்து அதிகம். அதனால்தான் ஹைட்ரஜன் குறைந்த ராடுகளைப் பயன்படுத்துகிறார்கள். ஈரம் பட்டால் அவற்றை 300 டிகிரிக்கு மேல் சூளையில் காயவைக்கிறார்கள்.

இதை அக்காவிடம் சொன்னபோது அவர் எழுந்துபோய், மூலையில் நின்ற ஓடாத பழைய பிரிட்ஜைத் திறந்து காட்டினார். உள்ளே குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் வெதுவெதுப்பில் 7018 ராடு பாக்கெட்டுகள் அடுக்கியிருந்தன. “கடல் காத்து டீச்சர். வெளிய வச்சா ரெண்டே நாள்ல நமுத்துப் போயிடும். நமுத்த ராடு பொரிஞ்சு பொரிஞ்சு எரியும், சத்தத்துலயே தெரியும்” என்றார். பல்பின் சூடு, காய்ந்த ராடை ஈரமாகாமல் காக்கும். ஒருமுறை நமுத்ததைச் சரிசெய்ய அந்தச் சூடு போதாது என்று நான் படித்ததைச் சொன்னேன். “அதை கேட்டு, கிரில்லு வேலைக்குக்கூடத் தொடறதில்ல. தனியா வச்சிருக்கேன்” என்று இன்னொரு கட்டைக் காட்டினார். ஆய்வுக்கூடமும் கொட்டகையும் ஒரே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்கூட இல்லை. ஒன்றின் அறிவுக்கு நூற்பட்டியலில் இடமுண்டு. மற்றதன் அறிவுக்குப் பெயர்ப் பலகையில்கூட இடமில்லை.

கொதிகலன் செய்யும் பெரிய ஆலைகளில் ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் அடையாள எண் உண்டு. யார் பற்றவைத்தாரோ அவர் எண்ணை அந்த இணைப்பின் அருகே பதிப்பார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். “உடைஞ்சா பிடிக்கிறதுக்கா?” என்று கேட்டார். “அதுக்கும்தான். உடையாம நின்னா தெரியறதுக்கும்தான்” என்றேன்.

அடுத்த முறை போனபோது புது பில் புத்தகம் அடித்து வைத்திருந்தார். மேலே பட்டறையின் பழைய பெயர்தான். கீழே, ‘வேலை செய்தவர்’ என்று ஒரு கோடு. அதில் தேதி போட்டு, பட்டையின் கனம், எந்த ராடு, எந்த இடத்தில் வைத்தது என்று எழுதி, தன் பெயரைக் கையெழுத்தாகப் போடுகிறார். பலகையை எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டேன்.

“மழை முடியட்டும் டீச்சர், பெயிண்ட் நிக்காது” என்று சொல்லிவிட்டு, கண்ணாடி மறைப்பை முகத்துக்கு இறக்கிக்கொண்டார்.